முள்ளில்லாத கிளா

“…அந்த ஒழுங்கையாலை மட்டும் வேண்டாம் பிள்ளை. சுத்திப் போவம். எனக்குக் கால் நோகேல்லை” என்றார் அம்மா.

கால் நோகவில்லை என்று சொன்னவர் ஒரு கையால் என் தோளையும் மறு கையால் ஒரு சப்பாத்துக் கடையின் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு நின்றார். வியா மக்வேதாப் பெரிய தெருவில் சனிக்கிழமைச் சனம். சின்னம்மாவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, பார்க்கப் போகிறோம். அம்மா தன் கையால் தைத்த குட்டிச் சட்டை என் பையில் இருந்தது. அந்த ஒழுங்கைக்குள்ளால் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். சுற்றிப் போனால் ஏற்றமும் வெயிலும்தான்.

உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்: “உங்கடை அம்மா ஏன் எப்பவும் அந்தப் பக்கம் சுத்தி வாறா?” அந்த ஒழுங்கையில் மீன் நாற்றம், அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருக்கிறேன். அங்கே மீன் விற்கிறவரே இல்லை. நீங்கள் நம்பினீர்களோ, நம்பினது போல இருந்தீர்களோ, எனக்குத் தெரியாது.

உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூட வயதில் இந்தப் பலேர்மோவில் வந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரே வாங்கில் நெருக்கியிருந்துவிட்டு, வாசலைத் தாண்டியதும் சிசிலிக்காரப் பிள்ளைகளின் பாஷையில் சண்டைபிடித்தவர்களுக்கு. என் தமிழ் அந்த வாங்கோடு நின்றுவிட்டது. மிச்சம், சாமான் சுற்றி வரும் பேப்பரிலும் பெரியவர்கள் கதைக்கிறதிலும் பொறுக்கிச் சேர்த்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது நமக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. போன மாதம் யாரோ ஒருவரின் பிறந்தநாளில் முழங்கால் நோவைப் பற்றித்தான் மாறி மாறிக் கதைத்தோம்.

சின்னம்மாவுக்கு நஞ்சு பட்ட கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ‘பாவம், தெரியாமல் நடந்தது’ என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் அந்தக் கதையை முடிப்போம். நீங்களும் அப்படியே முடிக்கப் பழகிவிட்டீர்கள்.

அது தெரியாமல் நடக்கவில்லை.

சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை. ஒரு குளிர்காலம் முடிகிற நேரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். சித்தப்பா முன்னமே வந்து, துறைமுகத்தில் நாப்போலி நகரத்துக்குப் போய்வரும் கப்பல்களின் அறைகளைத் துப்புரவாக்கும் வேலையில் இருந்தார். வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் எங்களுக்கு இருந்தது இரண்டு அறை. முன்னறையை அவர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் பின்னறையில் ஒருவர் மேல் ஒருவராகப் படுத்தோம். கொஞ்ச நாளில் சின்னம்மாவுக்குப் பிள்ளை தங்கியது. ஊரில் ஏற்கெனவே ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அதனால் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சந்தோசப்படவில்லை. அம்மா மட்டும் இருந்தாற்போல் சமையலறைக்குள் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வருவார்.

சின்னம்மாவின் வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. சோறு வடிக்கிற மணம் ஆகாது. தக்காளி ஆகாது. கடைசியில் தண்ணீரும் ஆகவில்லை. நாப்போலிக் கப்பல் புறப்படும்போது துறைமுகத்திலிருந்து ஊதுகிற சத்தம் எங்கள் ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கும். அந்தச் சத்தம் கேட்டதுமே சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்.

“அங்கை ஒரு கப்பல் ஊதினால் இஞ்சை ஒரு கப்பல் ஊதுது” என்பார் அப்பா.

“அத்தான், சும்மா இருங்கோ. சிரிச்சாலும் சத்தி வருகுது” என்று உள்ளேயிருந்து சின்னம்மாவின் குரல் வரும்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு சின்னம்மாவின் கையில் வளையல் நிற்காமல் முழங்கைவரை போய்வரத் தொடங்கியது. இப்படியே மெலிந்தால் பிள்ளைக்குக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே யோசனைதான்: தங்கச்சி சாப்பிட வேண்டும். வேறு எந்தக் கதை தொடங்கினாலும் அது அங்கேதான் வந்து நிற்கும்.

சின்னம்மா கேட்டது ஒன்றே ஒன்று. “உப்பும் தூளும் போட்ட கிளாக்காய் ஒண்டை வாயிலை வைச்சனெண்டால் எனக்குச் சோறு இறங்கும் அக்கா.”

கிளாவை உங்களில் சிலர் மறந்திருப்பீர்கள். நம்மூர் வெளிகளில் நிற்கும் முட்பற்றை. வெள்ளைப் பூ, நல்ல வாசம். காய் புளிக்கும். பழம் கறுத்து இனிக்கும். பறிக்கப் போனால் கை கீறாமல் வர முடியாது. பலேர்மோவில் கிளாக்காய்க்கு எங்கே போவது? அம்மா எலுமிச்சம்பழத்தை உப்பில் போட்டுக் கொடுத்துப் பார்த்தார். பச்சைப் பிளம்ஸ் வாங்கி இடித்துக் கொடுத்தார். வுச்சீரியாவில் விற்கிற உப்பு ஒலிவங்காயைக் கொடுத்தபோது சின்னம்மா ஒரு கடி கடித்துவிட்டு, “அக்கா, இது சவர்க்காரம்” என்றார்.

அந்தக் கோடையில் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போனார். அம்மா வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா தனியாக இருந்த வயதான இத்தாலிய அம்மையார். பழைய மாளிகை ஒன்றின் முதல் மாடியில் அவர் வீடு. கீழே கல் பாவிய முற்றம். முற்றத்தின் மூலையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஆளுயரத்துக்கு மேல் ஒரு பற்றை நின்றது. தோல் மாதிரித் தடித்த, மினுங்கும் இலை. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. காலையில் பெரிய மரக்கதவைத் திறந்ததும் அந்த வாசம்தான் முதலில் வந்து கையைப் பிடிக்கும். சிஞ்ஞோரா அதை ‘அப்பாவின் மல்லிகை’ என்று சொல்வார். அவருடைய தகப்பனார் இத்தாலிக்காரர் ஆண்ட காலத்தில் ஆபிரிக்காவில் தெருப் போடுகிற வேலையில் இருந்தவராம். வரும்போது அங்கேயுள்ள காய்ந்த காட்டிலிருந்து வேரோடு கொண்டுவந்தாராம். பூவைத் தவிர அதைப் பற்றி சிஞ்ஞோராவுக்கு ஒன்றும் தெரியாது. பழம் விழுந்து கல்லை ஊதாவாக்குகிறது என்பதுதான் அவருடைய ஒரே முறைப்பாடு.

ஒருநாள் அம்மா துணி அலசிவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பூவெல்லாம் உதிர்ந்து, கொத்துக்கு நாலைந்தாகப் பச்சைக் காய் பிடித்திருந்தது. ஒரு காயைக் காம்போடு முறித்தார். வெள்ளைப் பால் கசிந்தது.

“பால் வருது பிள்ளை! இஞ்சை பார், பால் வருது! கிளாவடி இது!”

அம்மா ஈரக் கையோடு துள்ளினார். வாசல் காவற்காரர் தன் சின்ன அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. “அம்மா, ஆக்கள் பாக்கினம்” என்று சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். அந்த நாளில் அம்மா சத்தமாகச் சிரித்தாலும் எனக்கு வெட்கம், பேரம் பேசினாலும் வெட்கம். உங்களுக்கும் அப்படித்தானே இருந்தது. ஆனால் அது சின்ன வெட்கம். அம்மாவுக்கு ஒரு குறையும் வராத வெட்கம்.

அந்த ஞாயிறு கும்பிட்டு முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது இதைப் பற்றிப் பெரிய விவாதம். உங்களில் யாருடைய தகப்பனார் என்று சொல்லமாட்டேன், மீசை வைத்த ஒருவர் கேட்டார்: “முள்ளிருக்கோ?”

“முள்ளில்லை” என்றார் அம்மா.

“முள்ளில்லாத கிளாவோ? பிரம்பில்லாத வாத்தியார் எண்டு சொல்லுங்கோ.”

“இஞ்சை ஆடு மாடு கடிக்க வராதெல்லே. பேந்து என்னத்துக்கு முள்ளு? இத்தாலிக்கு வந்து முள்ளை விட்டிட்டுது.”

“ஓமோம்” என்றார் அப்பா. “ஆயுதத்தைக் கீழை வைச்சால்தான் இஞ்சை இருக்கப் பெர்மெஸ்ஸோ தருவம் எண்டு சொல்லியிருப்பாங்கள்.”

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மா சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு, “முள்ளில்லாட்டில் நல்லதுதானே, அக்கா கெதியா ஆயலாம்” என்றார். விவாதம் அதோடு முடிந்தது.

இனி அந்தப் பெண்ணைச் சொல்ல வேண்டும். மாளிகையின் படிக்கட்டையும் முற்றத்தையும் கழுவுகிறவர். எரித்திரியாவிலிருந்து வந்தவர். எங்கள் அம்மாவை விடக் கொஞ்சம் இளமை. தலையில் மெல்லிய வெள்ளைத் துணி. கன்னத்தில் பின்னலின் நிழல் விழும். ஏதோ பாட்டை முனகிக்கொண்டே படி கழுவுவார், மேல்மாடியிலிருந்து அந்த முனகல் தண்ணீரோடு சேர்ந்து படிப்படியாகக் கீழே இறங்கும். நான் இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் ஆட்களில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆபிரிக்காக்காரர் எல்லோருக்கும் நம் பெரியவர்கள் ஒரு சொல் வைத்திருந்தார்களே, அந்தச் சொல்தான். அதை இங்கே எழுதக் கை வரவில்லை. உங்கள் காதில் இந்நேரம் கேட்டிருக்கும்.

அவருடைய மேலங்கிப் பையில் எப்போதும் வறுத்த பார்லி இருக்கும். வேலைக்கிடையில் இரண்டு மணியை வாயில் போட்டுக்கொள்வார். ஒருநாள் படியில் தனியாக உட்கார்ந்திருந்த என்னைக் கண்டு, என் உள்ளங்கையை விரித்து ஒரு பிடி வைத்தார். இன்னும் சூடு இருந்தது. வறுத்த மணம் மூக்கில் ஏறியது. வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அம்மா வந்துவிட்டார்.

“எறி.”

“ஏன் அம்மா?”

“எந்தக் கையோ, என்ன சாமானோ. எறியெண்டால் எறி.”

எறிந்தேன். புறாக்கள் வந்து பொறுக்கின. அந்தப் பெண் ஒரு படி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீரை ஊற்றி, நாங்கள் நின்ற படியைக் கழுவத் தொடங்கினார்.

காய் பறிக்கிறதற்கு சிஞ்ஞோராவிடம் அம்மா முறையாகக் கேட்டார். “எல்லாத்தையும் எடுத்துக்கொள், என் கல்லாவது தப்பும்” என்றார் அவர். ‘அப்பாவின் மல்லிகை’க் காயை யார் சாப்பிடப் போகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை, ஏதோ சாமிக்கு என்று நினைத்திருப்பார். எங்கள் ஆட்கள் பூவும் இலையும் சாமிக்குப் பறிக்கிறதை அவர் முன்னமே பார்த்திருக்கிறார்.

அன்றைக்கு ஆபிரிக்காப் பக்கமிருந்து சூட்டுக் காற்று அடித்தது. வானம் பழுப்பாக இருந்தது, பல்லுக்கிடையில் மண் நறநறத்தது. ஊரிலிருந்து வந்த ஒரே பெரிய பாத்திரம் எங்களுடைய மஞ்சள் எனாமல் பேசின். அதைக் கொண்டுபோய் முற்றத்தில் வைத்து, நானும் அம்மாவும் பறித்தோம். கை கீறவில்லை. அது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. கிளா பறித்துக் கை கீறாமல் இருந்தது அன்றைக்குத்தான். பேசின் நிரம்பி, மேலே குவிந்தது. அம்மா குழாயைத் திறந்து கழுவத் தொடங்கினார்.

அந்தப் பெண் வாளியோடு படியால் இறங்கி வந்தார். பேசினைக் கண்டார். வாளியைக் கீழே வைத்தார்.

“சாப்பிடவா?” என்று கேட்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது சமையலறை இத்தாலியன்தான்.

“சாப்பிட” என்றார் அம்மா.

“வேண்டாம். வேண்டாம். கூடாது.”

“இது எங்கள் நாட்டில் இருக்கிறது. நாங்கள் சாப்பிடுகிறோம்.”

“இல்லை. என் நாட்டில் இருக்கிறது. நாங்கள் தொடமாட்டோம்.”

“அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?” என்று அம்மா தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னார். “இவளவைக்குக் கிளாவைப் பற்றி என்ன தெரியும்?”

ஏன் தொடமாட்டார்கள் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்குச் சொல் வரவில்லை. அவருக்கே முழுக் காரணம் தெரிந்திருக்குமோ தெரியாது. இலையைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார். “ஆடு” என்றார். பிறகு, நம்புவீர்களோ தெரியாது, அந்தக் கல் முற்றத்தில் கையை ஊன்றி ஆடு போல நின்றார். ‘மே’ என்று கத்தினார். இலை கடிக்கிற மாதிரிக் கடித்தார். இரண்டடி தள்ளாடி நடந்தார். அப்படியே பக்கவாட்டில் விழுந்து, கை கால் விறைத்து, கண்ணை மேலே செருகிக் கிடந்தார்.

நாங்கள் சிரித்தோம்.

நான் சிரித்தேன், அம்மா சிரித்தார், வாசல் காவற்காரர் தன் அறைக்குள்ளிருந்து வெளியே வந்து நின்று சிரித்தார். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஐயோ, விசரியடி” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் தரையில் கிடந்தபடி கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எழுதிக் காட்ட முடியாது.

எழுந்தார். பேசினை ஒரே உதையில் கவிழ்த்தார். எனாமல் கல்லில் அடித்த சத்தம் நாலு மாடிக்கும் கேட்டது. காய்களை ரப்பர்ச் செருப்புக் காலால் மிதித்தார், ஒன்று விடாமல். பச்சைச் சாறும் பாலும் கல்லில் ஓடின. பிறகு தலைத்துணியை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டு, குந்தியிருந்து, நசிந்ததையெல்லாம் கூட்டி வாளிக்குள் போட்டார். கையில் எதற்குத் துணி சுற்றினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்தக் கைக்குத்தான் அம்மா ஓங்கி அடித்தார்.

அவர் திருப்பி அடிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா நேராக மேலே ஏறி சிஞ்ஞோராவிடம் சொன்னார். “அவளுக்கு விசர். எங்களை அடிக்க வந்தவள்.” பின்னாலேயே ஏறி வந்த காவற்காரரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். சிஞ்ஞோரா பெருமூச்சு விட்டு, “பாவம், அவர்கள் அப்படித்தான்” என்றார். அந்த ‘அவர்கள்’ என்ற சொல்லுக்கு அம்மாவும் சேர்ந்து தலையாட்டினார். எங்களைப் பற்றி மேல்மாடிகளில் இதே சொல்லைத்தான் சொல்வார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன? அடுத்த கிழமை படியை வேறொருவர் கழுவினார். முனகல் இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் இறங்கியது.

பற்றையில் உயரக் கொப்புகளில் கொஞ்சம் காய் மிஞ்சியிருந்தது. காவற்காரரிடம் ஏணி வாங்கி அம்மா அதையும் பறித்தார். கைப்பிடியளவுதான். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “கைக்குது” என்றார். பிறகு தானே சமாதானமும் சொன்னார்: “இந்த மண் அப்பிடி. ஒலிவங்காயும் கைக்குந்தானே.” உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பல்கனியில் வெயிலில் வைத்து, தூள் போட்டு, ஒரு சின்ன ஜாம் போத்தலில் அடைத்தார். அரைப் போத்தல்கூட வரவில்லை.

“அந்த விசரி மிதிச்சிராட்டில் பெரிய போத்தல் நிரம்பியிருக்கும்” என்று அம்மா சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டார்.

சின்னம்மா ஒரு காயைக் கடித்தார். முகத்தைச் சுளித்தார். “கிளா மாதிரியும் கிடக்கு, இல்லாத மாதிரியும் கிடக்கு” என்றார். ஆனால் அதோடு நாலு வாய் சோறு இறங்கியது. அம்மா கோப்பையோடு பக்கத்திலேயே இருந்து, ஒவ்வொரு வாய்க்கும், “இன்னும் ஒண்டு, என்ரை குஞ்செல்லே” என்று கெஞ்சினார். அன்றைக்கு அம்மாவின் முகம் எவ்வளவு வடிவாக இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்று பின்னேரம் சின்னம்மா சத்தி எடுத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது தினமும் நடக்கிறதுதானே. “இண்டைக்கு எத்தினை கப்பலோ” என்றார் அப்பா. சின்னம்மா பதில் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் தொட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தார். கை பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. அம்மா நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த கையை விடவேயில்லை. “விட்டு விட்டு அடிக்குது” என்றார். “இஞ்சேருங்கோ, விட்டு விட்டு அடிக்குது.”

ஆஸ்பத்திரியில் இத்தாலியன் கதைக்க நான்தான் போனேன். அந்த நாளில் நம் எல்லோருக்கும் அந்த வேலை இருந்தது. தாய் தகப்பனின் நோயெல்லாம் நம் வாயால்தான் டாக்குத்தருக்குப் போகும். வைத்தியர் சுவரோரம் என்னை நிறுத்திக் கேட்டார்: “என்ன சாப்பிட்டார்?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தார். “சோறெண்டு சொல்லு” என்றார். சொன்னேன். வைத்தியர் திரும்பி உள்ளே போகப் புறப்பட்டார். அப்போது அம்மா என் கையைப் பிடித்தார்.

“சிஞ்ஞோரா வீட்டு மரத்துக் காயெண்டு சொல்லு. ஆபிரிக்கா மரமெண்டு சொல்லு. எல்லாத்தையும் சொல்லு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவள் சொன்னவள் எண்டதை மட்டும் சொல்லாதை.”

அப்படியே சொன்னேன். வைத்தியர் ஓடினார். அப்படி ஓடிய வைத்தியரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தவர், தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள் என்றார். கொஞ்சமாகச் சாப்பிட்டதால்தான் தப்பினார், இன்னும் ஒரு பிடி சாப்பிட்டிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். பிறகு அம்மாவின் தோளில் கை வைத்து, இரக்கத்தோடு ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன்:

“உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிருக்கும் எண்டு கேக்கிறார்.”

அம்மா அழுதார். பார்த்தவர்கள் சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்தார்கள். அந்த வைத்தியரின் வார்த்தைதான் பிறகு எங்கள் வீட்டுக் கதையாக வந்தது. ‘பாவம், தெரியாமல் நடந்தது.’

கொஞ்ச நாள் போக அப்பா ஒருதரம் கேட்டார். “அந்த மனுசியைப் பற்றி சிஞ்ஞோராட்டைச் சொன்னீரோ? அவளைத் திருப்பி எடுக்கச் சொல்லி?”

“சொல்லுவம்” என்றார் அம்மா.

சொன்னால் தான் பொய் சொன்னது வெளியே வரும். வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்ன ஆகும்? இதெல்லாம் எனக்கு இப்போது விளங்குகிறது. அம்மா கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும், உங்களில் எத்தனை பேர் எங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தீர்கள். ஆனால் அந்தச் ‘சொல்லுவம்’ சொல்லப்படாமலே போய்விட்டது. சிஞ்ஞோராவும் போய்ச் சேர்ந்தார். அப்பாவும் போய்விட்டார். மஞ்சள் பேசின் நெளிந்த பக்கத்தைச் சுவருக்குக் காட்டியபடி எங்கள் சமையலறைத் தொட்டிக்குக் கீழே வருடக்கணக்காகக் கிடந்தது. யாரும் அதில் ஒன்றும் கழுவவில்லை. வீடு மாறும்போது எங்கேயோ காணாமல் போனது. தேடவும் இல்லை.

என் மகனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன ஒருநாள் அந்தப் பற்றையை மறுபடி கண்டேன், பெயர்ப் பலகையோடு. கிளாவும் அதுவும் ஒரே குடும்பமாம். பூ ஒரே மாதிரி, பால் ஒரே மாதிரி. முள் மட்டும்தான் இல்லை. அதன் சாற்றை அம்பு நுனியில் பூசுவார்களாம். வாசித்தபோது முதலில் ஆறுதலாக இருந்தது. அந்தச் செடியைப் பார்த்து ஏமாறுகிறது நம்மூர் ஆள் யாருக்கும் வரக்கூடிய பிழைதான். வீட்டுக்கு வரும் வழியில் அந்த ஆறுதல் கரைந்துவிட்டது. அம்மா ஏமாந்தது செடியில் மட்டுமா?

அந்தப் பெண் வேறு வேலைகள் செய்து, எப்படியெப்படியோ சமாளித்து, வியா மக்வேதாவுக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்னக் கடை போட்டார். பருப்பு, மசாலாத் தூள், சாம்பிராணி. எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது அம்மாவோடு அவ்வழியே போய் முதல்முறை கண்டோம். வெள்ளைத் தலைத்துணி அப்படியே. என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் விரல் இறுகியது. திரும்பி நடந்தார். அன்றிலிருந்து அந்த ஒழுங்கையை எங்கள் வீட்டார் யாரும் மிதித்ததில்லை. சின்னம்மாவின் மகளுக்கு, அந்த அரைப் போத்தலில் தப்பிய பிள்ளைக்கு, இன்றைக்கும் காரணம் தெரியாது. ஒழுங்கையின் மறு முனையில்தான் வீடு வாங்கியிருக்கிறாள். கடைக்காரி நல்ல மனுசி, தான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ஏதோ வறுத்துத் தந்தா, அது ஒன்றுதான் வயிற்றில் நின்றது என்று ஒருநாள் அம்மாவுக்கு முன்னாலேயே சொன்னாள். அம்மா எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தார்.

அந்த அம்மாதான் இந்தச் சனிக்கிழமை கடைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, சுத்திப் போவம், கால் நோகவில்லை என்றார்.

“சரியம்மா, சுத்துவம்” என்றேன்.

ஏற்றத்துப் பக்கம் திரும்பி நாலடி வைத்தார். நின்றார். என் பையைத் திறக்கச் சொல்லி, அந்தக் குட்டிச் சட்டையை எடுத்துப் பார்த்தார். மடித்து உள்ளே வைத்தார். பிறகு என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, தனியாக, சுவரைத் தொட்டுத் தொட்டு, அந்த ஒழுங்கைக்குள் நடந்தார். நான் பின்னால் போனேன்.

அந்தப் பெண் கடை வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. மடியில் ஒரு தட்டு, அதில் அப்போதுதான் வறுத்த பார்லி. அம்மா முன்னால் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, என்னால் சொல்ல முடியாது. போகிற வருகிற எல்லோருக்கும் செய்கிற மாதிரி ஒரு பிடி அள்ளி நீட்டினார்.

அம்மா இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கினார். அது என்னவென்று கேட்கவில்லை. அவ்வளவையும் வாயில் போட்டு, கட்டுப்பல்லோடு, அவருக்கு முன்னாலேயே நின்று, கடைசி மணி வரைக்கும் மென்றார்.